மிளகுத்தண்ணியைத் திருப்பி வாங்கிய ரோஸ்லெட் அக்கா

ரோஸ்லெட் அக்கா போய்விட்டாள். இன்று காலை நெய்யூரிலிருந்து அவள் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே போயிருக்கிறாள்.

இங்கிலாந்தில் ஒரே வார்டில் வேலை பார்த்த நர்ஸ்கள் நாங்கள். அக்கா நெய்யூர், நான் தேங்காய்ப்பட்டணம்; இரண்டும் குமரி மாவட்டம். நாங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் வார்டிலிருந்த சென்னைப் பெண்கள், "என்னக்கா, பாட்டு பாடுறீங்களா?" என்று கேட்பார்கள்.

எண்பது வயது வெள்ளைக்காரரையும் அக்கா பெற்ற பிள்ளையைப் போல "மக்ளே" என்றுதான் கூப்பிடுவாள். அவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்கா என்றால் எனக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

இடுப்பெலும்பு ஆபரேஷன். மனைவி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டைத் தொடவே மாட்டார். நாளைக்கு மூக்கில் டியூப் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கொடுத்தால் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

கண்ணைத் திறக்காமல் ஒரே வார்த்தை. "மல்லிகட்டானி." மனைவி வைக்கும் சூப்பாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். மல்லிக... டானி...

சட்டென்று என் கையைப் பிடித்தாள். "எட்டி, இது நம்ம மிளகுத்தண்ணியாக்கும். வெள்ளக்காரன் கொண்டுபோயி பேர ஒடச்சு வச்சிருக்கான், கேட்டியா."

டயட்டீஷியனிடம் போய்ப் பேசி அனுமதி வாங்கினாள். மறுநாள் பிளாஸ்கோடு டியூட்டிக்கு வந்தாள். மிளகு, சீரகம், பூண்டு, புளி... மூடியைத் திறந்ததும் வார்டே மணத்தது.

கிழவர் ஒரு ஸ்பூன் குடித்தார். முகம் சுருங்கியது. "இது அது இல்லையே" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். டியூப் வைத்த டிராலி வாசலில் நிற்கிறது...

அக்கா அசரவில்லை. இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். "நீங்க இத்தன நாள் குடிச்சது பிள்ளை. இது அதோட அம்மா. எங்க ஊர்லேருந்து உங்களப் பாக்க வந்திருக்கா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

கப்பைத் தானே வாங்கி, இருமி இருமிக் காலி செய்தார். இன்னொரு கப் கேட்டார். டிராலி வந்த வழியே திரும்பிப் போனது.

அதன் பிறகு டிஸ்சார்ஜ் ஆகும் வரை அக்கா அவரை விடவில்லை. நாக்கை மடித்து 'ள' சொல்ல வைத்தாள். வீல்சேரில் வெளியே போகும்போது, வார்டு முழுக்கக் கேட்கும்படி "மிளகுத்தண்ணி" என்றார். சுத்தமான 'ள'.

அக்கா வார்டு நடுவில் நின்று கை தட்டினாள். "நம்ம வார்த்தய நாமளே திருப்பி வாங்கியாச்சு மக்கா."

ஊருக்குப் போக ஏர்போர்ட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போர்டிங் கூப்பிட்டுவிட்டார்கள்...

நான் வருவதற்குள் சவப்பெட்டியை மூட விடாதே அக்கா. நெற்றியில் ஒரு முத்தம் வைத்து அனுப்ப வேண்டும்.