பெயர் கேட்காத ஃபார்ம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஃபார்ம் திறந்தவுடன் "நீங்க யாரு?" என்று கேட்டால், அதை எழுதியவனைக் கடைக்காரர் மறுபடி கடைக்குள் விடமாட்டார், எங்கள் தொழிலின் முதல் பாடம் அதுதான்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பஸ்ஸில் அலைந்து, கடை கடையாகப் பில் போடும் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தவன் நான். இன்றைக்கு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஆனாலும் மேஜைக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். ஒரு ஃபார்மிலிருந்து இன்னொன்றைத் திறக்கும்போது, முதலாவதற்குத் தெரிந்ததை இரண்டாவதன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். மறந்தால் அது பேந்தப் பேந்த முழிக்கும். திட்டு நமக்கு விழும்.

நடையில் நின்ற ஆள்

பெரம்பலூரில் மாணிக்கம் அண்ணனின் விதைக்கடைதான் எனக்கு முதல் கடை. மக்காச்சோளம், பருத்தி விதை, சின்ன வெங்காயத்துக்கு மருந்து எல்லாம் விற்பார்கள். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் மழையைப் பற்றிப் பேசுவார். உள்ளே பில் போடுவது அவர் மனைவி செல்வராணி அக்கா.

முதல் ஃபார்மில் வாடிக்கையாளர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பில் ஃபார்ம் திறக்கும். திறந்தது. ஆனால் பெயரைக் கொண்டுபோகவில்லை. மறுபடியும் பெயரைக் கேட்டது. அக்கா அடிக்க, அது கேட்க, எதிரே நின்ற எறையூர்க்காரர் தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சோர்ந்துபோனார். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வூட்டுக்குள்ள கூப்புட்ட ஆள நடையில நிறுத்தி, மறுபடியும் யாருன்னு கேக்குது தம்பி உம் பொட்டி."

பாய் கடை மூட்டை

அதிலிருந்து எதையும் கேட்காத ஃபார்ம் எழுதுவது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது. விதைக்கடைப் பில்லின் தலையில் பிள்ளையார் சுழியைத் தானாக வரவைத்தேன். அதைப் பார்த்த அரியலூர் சிமென்ட் கடை பாய், தன் பில்லுக்கு 786 வேண்டும் என்றார். அதற்கென்ன, ஃபார்ம் திறக்கும்போதே 786-ஐக் கொடுத்தனுப்பினால் போயிற்று என்று எழுதிக் கொடுத்தேன்.

கொடுத்தனுப்புவதில் வரிசை முக்கியம். முதலில் தலைப்பு, அடுத்து எத்தனை மூட்டை என்று இருந்ததை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சுவர் பூச இரண்டு மூட்டை வாங்க வந்த திருமழபாடிக்காரருக்கு 786 மூட்டைக்குப் பில் வந்தது. பாய்க்கு முகம் வெளுத்துப்போனது. வந்தவர் பில்லை நிதானமாகப் படித்தார். "பாய், உங்க அல்லா குடுக்குறாருன்னா நான் வேணாம்னு சொல்லல. லாரிக்கு மட்டும் நீங்க சொல்லிடுங்க."

வாங்க மாணிக்கம்

மாணிக்கம் அண்ணனுக்கு ஓர் ஆசை இருந்தது. கம்ப்யூட்டர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரையில் இருந்த ஐகானிலேயே அவர் பெயரை எழுதி வைத்தேன். அதைத் தட்டினால் பெயர் கூடவே போய், "வாங்க மாணிக்கம்" என்று ஃபார்ம் திறக்கும். ஒவ்வொரு பில்லின் அடியிலும் 'விற்பனை: மாணிக்கம்' என்று அச்சாகும்.

தினம் காலையில் அந்த ஒரு தட்டு தட்டுவதற்காக அண்ணன் உள்ளே வருவார். அது கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே பெஞ்சுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் ராத்திரி கடை சாத்தும்வரை விசைப்பலகை அக்காவுடையது. ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்: "கூப்புடுறது அவர, வேல வாங்குறது என்னைய."

பெயரை எடுத்த நாள்

விதைப்புச் சமயத்தில் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். என்னை நம்பி முதலில் கடையைக் கொடுத்த மனுஷன். துக்கத்துக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். காரியம் முடிந்ததும் அவர் தம்பி போன் செய்தார். "நாளைக்குக் கடை தொறக்குறோம் சார். அண்ணன் பேர எடுத்துட்டு எம் பேரப் போட்டுடுங்க. இனிமே கடைய நான்தான் பாக்கப்போறேன். அண்ணிக்கு என்ன தெரியும்?"

போனேன். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தார். அக்கா விதை மூட்டைகளின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வாசலில் விதைக்கு ஆள் நின்றிருந்தது. மாணிக்கம் என்ற பெயரை அழிக்கவே எனக்குக் கை வரவில்லை. அழித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். பெயரைப் போட்டுவிட்டால் கடை கைமாறிவிடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"யாரு பேரையும் போடாதீங்க தம்பி" என்றார் அக்கா. "தொறந்ததும் பேரு கேக்கட்டும். பில்லு போடுறவங்க அடிச்சுக்கட்டும்."

"யாரு அடிச்சா என்ன அண்ணி, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் தம்பி.

"ஒண்ணுதான்னா எந்திரிங்க. நான் அடிக்கிறேன்."

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். பெயரைக் கொடுத்தனுப்பாததால் ஃபார்ம் வெறுமனே திறந்து, பெயர் என்ன என்று கேட்டது. வழக்கமாக மளமளவென்று அடிக்கிற அக்கா, அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். "வாங்க செல்வராணி" என்று வந்தது.

முதல் பில்லைப் பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்து, அடியில் இருந்த பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தவரிடம் கொடுத்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இத்தன வருசமா பில்லு போட்டது நானு. நீ யாருன்னு இந்தப் பொட்டி இன்னிக்குத்தான் தம்பி என்னையக் கேட்டுச்சு."

எதையும் கேட்காத ஃபார்ம் எழுதுவதிலேயே பாதி ஆயுளைத் தொலைத்த எனக்கு, நான் எழுதியதில் உருப்படியானது எது என்று யாராவது கேட்டால், ஒன்றும் தெரியாமல் திறந்த அந்த ஒன்றைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.