பேத்தியின் மூச்சும் காங்கேயத்து எண்ணெயும்

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்து, ஒரு புகாருக்கும் இடமின்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவில் தகராறு என்றால் இரு தரப்பாரும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது என் நிலை அதுவே.

தவளையின் நுரையீரலைப் பல்லாண்டுகள் மாணவர்களுக்குத் திறந்து காட்டியிருக்கிறேன். ஆனால் பச்சிளங்குழந்தை மூச்சு விடுவதை அருகிருந்து கவனித்தது பேத்தியிடம்தான். மார்பு அசையவே இல்லை. வயிறுதான் ஏறி இறங்கியது. சில நொடிகள் மூச்சு நின்றாற்போல் இருக்கும். பிறகு ஓடி வந்தவளைப்போல் வேகமாக வாங்குவாள். நாளிதழை மடித்து வைத்துவிட்டுத் தொட்டிலருகே உட்கார்ந்திருப்பேன்.

குழந்தையைக் குளிப்பாட்ட மருமகனின் அக்கா காங்கேயத்திலிருந்து வந்து தங்கினார். அவர்களுக்குச் சொந்தமாக எண்ணெய் ஆலை உண்டு. குளிப்பாட்டியதும் தேங்காயெண்ணெயை இரு நாசியிலும் சொட்டவிடுவது அவர்கள் வழக்கம். எதற்கென்று கேட்டேன்.

“மூக்கு அடைக்காதுங்க மாமா. நீங்க தவளையப் பாருங்க, கொழந்தைய நான் பாத்துக்கறேன்” என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சில வாரங்களில் குழந்தைக்கு இருமல் கண்டது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தது. பால் குடிக்க முடியாமல் வாயை விலக்கி அழுதாள். அருகே கணபதிப் பகுதியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மையார் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “மூக்குல ஏதாச்சும் விடறீங்களா?” என்றார்.

“எண்ணெய்தானுங்க. எங்க ஆலையில ஆட்டுனது, சுத்தமானது” என்றார் அக்கா.

“எவ்வளவு சுத்தமா இருந்தாலும் நுரையீரலுக்குள்ள போனா வேலையக் காட்டிருமுங்க. இன்னையோட நிறுத்திருங்க.”

இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடுவார்கள், குழாய்கள் மிகக் குறுகியவை, விலா எலும்புகள் சாய்வின்றிக் கிடைமட்டமாக இருப்பதால்தான் வயிறு அசைகிறது என்று அவர் விளக்கினார். காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பின்னரே உண்டாகின்றன என்றபோது நான் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டேன்.

“அப்படியானால் நுரையீரல் இன்னும் கட்டி முடியவில்லையா?”

“கட்டிக்கிட்டே இருக்குதுங்க சார். ரெண்டு மூணு வருசம் வேகமா, அப்புறம் மெதுவா.”

விலா எலும்புகள் எப்போது பெரியவர்களுக்குப்போல் சாயத் தொடங்கும் என்று அடுத்துக் கேட்டேன். “அப்பா, மொதல்ல மருந்துச் சீட்ட வாங்குங்க” என்றாள் மகள்.

குழந்தையை மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். எண்ணெய் நின்றது, இருமலும் மெல்ல நின்றது. பள்ளிக்குப் போகும் வயதில் அவள் மாடிப்படி ஏறி ஓடிவந்து என் முன்னால் நின்று மூச்சு வாங்குவாள். அப்போது வயிற்றோடு மார்பும் விரிவதைப் பார்ப்பேன்.

அந்த இருமலைப் பெண் வீட்டு வழியில் வந்த நெஞ்சுப் பலவீனம் என்று காங்கேயத்தில் இன்றும் சொல்லி வருகிறார்கள். அது தவறு. எங்கள் வழியில் எவருக்கும் அப்படி இருந்ததில்லை. குழந்தையின் நுரையீரலுக்குள் போனது எண்ணெய்.