மணற்குழியில் பத்து நிமிடம்

ஸ்டெல்லா டீச்சர் தவறிவிட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை காலைச் சபைக்கூடலின்போது வந்தது. தலைமையாசிரியர் கைப்பேசியைக் காதிலிருந்து இறக்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனவர் கண்ணையே திறக்கவில்லை.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய ரோவர் பைத்தியம் தெரியும். லிட்டில் இந்தியாவுக்குப் புடவை எடுக்கப் போனாலும், பை நிறைய உடைந்த பொம்மைக் கார்களோடுதான் திரும்புவார். அவற்றின் மோட்டாரைக் கழற்றித்தான் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் செவ்வாய்க் கோளில் ஓடும் ரோவர் வண்டிக்கு மாதிரி செய்தார்கள்.

நீளம் தாண்டும் மணற்குழியில் சோதனை நடக்கும். பத்து நிமிடம் அவரைத் தவிர எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். வண்டி கவிழ்ந்தாலும் தொடக்கூடாது. போன வருடம் ஷர்மிளா என்ற பிள்ளை லேசாக ஒரு தள்ளு தள்ளியதற்கு, அந்த வண்டியை முழுக்கப் பிரிக்க வைத்தார். "அங்க யாரு வந்து தள்ளிவிடுவா? நான் விசில் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது." நான் கணக்கு டீச்சர், எனக்கும் அதே சட்டம்தான்.

பள்ளிகளுக்கிடையிலான ரோவர் போட்டி நெருங்க நெருங்க அவர் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். படியேறினால் மூச்சு வாங்கியது.

"அக்கா, கிளினிக் போய்ட்டு வாங்களேன்."

"கேஸ்டிக் லா, வெறும் வாயு. போட்டி முடியட்டும், போறேன்."

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் விட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் புகைமூட்டத்தில் வெயில் மங்கியிருந்தது. வண்டி குழியின் நடுவே மணலில் சிக்கிச் சக்கரம் மட்டும் சுற்றியது. டீச்சர் அதன் பக்கத்தில் மண்டியிட்டார். பிறகு ஒருக்களித்துப் படுத்தார். சக்கரம் எப்படிப் புதைகிறது என்று தரையோடு தரையாகப் படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம்தான். பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். நானும் நின்றேன். சக்கரம் வாரியடித்த மணல் அவர் கன்னத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை. அதைப் பார்த்தும், விசிலுக்குத்தான் காத்திருந்தேன். மோட்டார் நின்ற பிறகுதான் கோட்டைத் தாண்டினேன்.

சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

இறுதிச் சடங்கு முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது அகிலா என் கையைப் பிடித்தாள். அந்த வண்டியைச் செய்தவள் அவள்.

"டீச்சர், நாங்க அப்பவே ஓடிப் போயிருந்தா அவங்க இருந்திருப்பாங்களா?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் நம்பிவிட்டாள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது விசிலுக்குக் காத்து நின்ற அந்த நிமிடங்கள்தான். அவற்றை எந்தப் பிள்ளைக்கும் நான் பங்கு தரப்போவதில்லை.