எடை மெஷினுக்கு மாலை

அம்மா சோம்பேறித்தனத்தால் செத்துப்போனாள் என்று மைசூரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்கள். "வாக்கிங் போயிருந்தா ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, இல்லையா?"

அம்மா வாக்கிங் போனாள்.

பெயர் கனகலக்ஷ்மி. சரஸ்வதிபுரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பது வயதுக்கு மேல், யாரும் சொல்லாமல், தானாகவே நடக்கத் தொடங்கினாள். விடிந்ததும் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூவுடன் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குப் போவாள். திரும்பி வந்து, வியர்வை காயாமல் சமையலறையில் நின்றபடி காபி குடிப்பாள். "மேதா, அந்தப் பெலிகன் இன்னிக்கு என்னையே முறைச்சிண்டிருந்தது. தாடைக்குக் கீழே தொங்கற சதையைப் பாத்துட்டு சொந்தக்காரின்னு நெனச்சிருக்கும்" என்பாள். எடை குறைந்ததா என்று அவள் பார்த்ததே இல்லை. அங்கே யாரும் அவளை எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் போனாள்.

பிறகு தருண்குமார் மேலாளராக வந்தார். ஊழியர்களின் ஆரோக்கியத்தில் அக்கறையாம். அலுவலகத்துக்கு ஓர் எடை மெஷின் வாங்கினார். அந்த வருட ஆயுத பூஜையில் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷினோடு அதற்கும் மாலை, குங்குமம். பூஜை முடிந்ததும், பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக அதில் ஏறச் சொன்னார். ஒவ்வொருவர் எடையையும் மைக்கில் அறிவித்தார். அம்மாவின் முறை வந்தது.

"ஜம்பு சவாரி நாளைக்குத்தானே? நம்ம ஆபீசுக்கு இன்னிக்கே வந்தாச்சு. வழி விடுங்கப்பா!"

ஜம்பு சவாரி என்பது விஜயதசமியன்று யானை அம்பாரி சுமந்து போகும் ஊர்வலம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாளாம்.

மறுநாளிலிருந்து சாகும்வரை அவள் ஏரிக்கரைக்குப் போகவில்லை. எங்களிடம் முட்டிவலி என்றாள். பக்கத்து மேசை சுஷ்மாவிடம் மட்டும், ஆபீஸ்காரர்கள் வரும் இடத்தில் இந்த உடம்போடு எப்படி நடப்பது என்று கேட்டிருக்கிறாள். காரியங்கள் முடிந்த பிறகுதான் சுஷ்மா இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வடிவமைப்பது என் வேலை. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றால், எதனால் நின்றது என்று தேடுவோம். மோட்டாருக்கு மன உறுதி போதாது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகமாட்டோம்.

அடுத்த வாரம் தருண்குமார் வீட்டுக்கு வந்தார். அப்பா, ரயில்வேயில் ஓய்வு பெற்ற கணபதிராமன், நாற்காலி போட்டார்.

"மேடம் நினைவா ஒரு வாக்கத்தான் வைக்கிறோம் சார்," என்றார் கன்னடத்தில். "டி-ஷர்ட்ல அவங்க போட்டோ. கீழே, 'இன்றே நடக்கத் தொடங்குங்கள்'."

அப்பா தலையாட்டிவிட்டு, அம்மாவின் படத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

நானும் கன்னடத்திலேயே சொன்னேன். "எங்கம்மா நடந்துட்டுதான் இருந்தாங்க. நீங்கதான் நிறுத்தினீங்க."

அவருக்கு விளங்கவில்லை. ஆயுத பூஜையை நினைவுபடுத்தினேன்.

"அது தமாஷ்தானேம்மா! மேடமே சிரிச்சாங்களே."

"ஆபீசே சுத்தி நின்னு சிரிக்கும்போது வேற என்ன செய்வாங்க? அழணுமா?"

"ஒரு மோட்டிவேஷனுக்காக..."

"எத்தனை பேர் மோட்டிவேட் ஆனாங்க? எங்கம்மா வீட்டுல உக்காந்துட்டாங்க. அன்னிக்கு மைக்ல சொன்னீங்க இல்ல, இதையும் மைக்ல சொல்லுங்க. அப்புறம் படத்தைப் போடுங்க."

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. "அவளை யானைன்னாரா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். "ஆமாம்பா. எல்லார் முன்னாடியும்."

அப்பா எழுந்து கையை நீட்டினார். "போட்டோவைக் குடுத்துடுங்கோ சார்."

தருண்குமாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கொடுத்துவிட்டார்.

வாக்கத்தான் நடந்தது, படம் இல்லாமல். கடைசியில் தருண்குமார் பேசினாராம். மேடம் கொஞ்சம் மனசு வைத்திருந்தால் இன்று நம்மோடு நடந்திருப்பார் என்றாராம்.

கை தட்டினார்களாம்.