சிவக்குமுன் பறித்த காய்கள்

காலையில் பேச்சியம்மாள் அழைத்தார். "சார், ஒங்க கூட்டாளி போயிட்டாரு சார்." 

அவர் கணவர் சுருளியப்பன் எங்கள் போடிப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நான் தாவரவியல். ஓய்வுக்குப் பின் அவர் குரங்கணியில் வீட்டைச் சுற்றி ஆஸ்பரகஸ் வளர்த்தார். கல்யாண மேடைக்கும் பூங்கொத்துக்கும் பச்சை சேர்க்கும் அந்த மெல்லிய அலங்காரச் செடியைப் பூக்கடைகள் விரும்பி வாங்கின.

வீட்டுக்குக் கீழே ஓடை, அதற்கப்பால் காடு. என் கவலை அதுதான். சிவந்த பழத்தைப் பறவை தின்றால் விதை காட்டுக்குள் போகும். கிழங்கு ஊன்றிவிட்டால் ஒழிப்பது கடினம். வேறு நாடுகளில் அப்படிக் காட்டுக்குள் பரவியிருக்கிறது. இதைச் சொன்னதும், இங்கும் பரவுமா என்று அவர் கேட்டார். "பரவலாம், பரவாமலும் இருக்கலாம்" என்றேன்.

"பரீட்சைல பய இப்பிடி எழுதுனா மார்க்கு போடுவீகளா சார்?" என்றார். அவரோடு பழகியவர்களுக்கு அந்தச் சிரிப்பு கேட்கும். பிறகு, "ஒங்களுக்கு உறுதியாத் தெரியுற வரைக்கும் ஒரு காயையும் செவக்க விடமாட்டேன், போதுமா?" என்றார்.

அன்றுமுதல் காய்க்கும் பருவத்தில் தவறாமல் கூப்பிடுவார்: "வெரசா வாங்க சார், காயி நெறம் மாறப்போகுது." ஜீப்பில் போவேன். முள் கீறக் கீறப் பச்சைக் காய்களைப் பறித்து அடுப்பில் போடுவோம். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையே கேட்டார்: "காயி பறிச்சாச்சா?"

"நீங்க வாங்க, சேர்ந்து பறிப்போம்" என்றேன். 

பாடையை அவருடைய செடியாலேயே அலங்கரித்திருந்தார்கள். "ஆசையா வளத்தது, கூடவே போகட்டும்" என்று அழுதார் பேச்சியம்மாள். பறிக்க ஆளின்றி அதில் காய்களெல்லாம் சிவந்திருந்தன. ஓடைக்கரை வழியாகச் சுடுகாடு வரை, பூவோடு அவற்றையும் பிய்த்து இறைத்துக்கொண்டே போனார்கள்.

நாலு பேர் நடுவே நிமிர்ந்து பேசவும் கூசுபவன் நான். குனிந்து பழங்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"என்னத்தத் தொலைச்சீக சார்?" என்று பின்னால் வந்தவர் கேட்டார். பொறுக்கிக்கொண்டே நடந்தேன். சட்டைப்பை நிறைந்தது. கண்ணீர் மறைத்ததில் எவ்வளவு விட்டேனோ.

பரவுமா என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதிலில்லை. மழை பெய்ததும் ஓடைக்கரையில் முளை தேடப் போவேன். அவர் போன வழியில் முளைத்ததைப் பிடுங்க மனம் வருமா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடுங்குவேன். ஒரு காயையும் சிவக்க விடமாட்டேன் என்றது அவர் எனக்குக் கொடுத்த வாக்கு. இப்போது அது என்னிடம் இருக்கிறது.