யாரும் வெட்டாத கான்

கித்துல்கலைக்கு மேலேயுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ரொபர்ட் முப்பத்துநான்கு ஆண்டுகள் கான் வெட்டினார். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி மலைச்சரிவின் குறுக்கே வெட்டப்படும் வாய்க்காலையே தோட்டத்தில் கான் என்பர். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இடையிடையே மண் தங்கும் குழி, வெட்டிய மண் முழுவதும் கீழ்க்கரையில். இந்த அளவுகளில் அவர் கை பிசகியதில்லை. கங்காணி சோதிக்க வந்தால், "எங்க வேணும்னாலும் அளந்து பாருங்க" என்று கூறி ஒதுங்கி நிற்பார். ஓய்வு பெற்ற பின்னரும் அவருடைய அளவுக்கம்பு வீட்டுக் கதவின் பின்னால் சாத்தப்பட்டிருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சொல்லில் பிசகினார்.

அவர் குடியிருந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்புறமாகப் பாறைகளுக்கிடையே ஓடி வந்து களனி கங்கையில் கலக்கும் நீரோடை ஒன்று உண்டு. லயத்தார் அதைப் 'பெரிய கான்' என்றே வழங்கினர். அக்கரைச் சிங்களக் கிராமத்தார் அதே ஓடையை, ஓடைக்குரிய சிங்களச் சொல்லாலேயே, 'தொல' என்றனர். அவர்களோடு பேசும்போது ரொபர்ட்டும் தொல என்றே சொல்வார். ஒரே நீருக்கு இரண்டு பெயர் இருப்பதை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு, படகோட்டி மகிழ வரும் பயணிகளுக்காக ஒரு கொழும்புக் கம்பனி, லயத்துக்குச் சற்று மேலே ஓடையோரத்தில் விடுதி கட்டத் தொடங்கியது. ஓடையைச் சீமெந்துக் குழாய்க்குள் அடக்கி, மேலே மண் நிரப்பி, வாகனங்களை நிறுத்த இடம் செய்வது அவர்களின் திட்டம். குழாயின் வாய் மூன்றடி. வைகாசி மழையில் அந்த ஓடை பதினெட்டு அடி அகலத்துக்கு விரிந்து வருவதை ரொபர்ட் பலமுறை கண்டவர். குழாய் கொள்ளாத நீர் எங்கே இறங்கும் என்பதை அவருக்கு யாரும் வரைந்து காட்டத் தேவையிருக்கவில்லை. கீழே பன்னிரண்டு வீடுகள் இருந்தன. முதல் வீடு அவருடையது.

கித்துல்கலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஸம்சுதீன், ரொபர்ட் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் முஸ்லிம் பெரியவர், சிங்களத்தில் மனு எழுதுவதில் பேர் பெற்றவர். ரொபர்ட் அவரிடம் சென்று, பிழையின்றிச் சொல்வதற்குத் தாய்மொழியே தகும் என்று கருதி, தமிழில் நிதானமாகச் சொல்லச் சொல்ல, ஸம்சுதீன் சிங்களத்தில் எழுதினார். ஆறு வாரத்தின் பின் பிரதேச செயலகத்திலிருந்து பதில் வந்தது. ஸம்சுதீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருள் சொன்னார்: தங்கள் மனுவில் குறிப்பிடப்பட்டிருப்பது ஒரு வடிகான், ஓடைகளின் இரு கரைகளிலும் கட்டடமின்றி விடவேண்டிய ஒதுக்குக் காணி பற்றிய விதி வடிகான்களுக்குப் பொருந்தாது.

"வடிகானா? எங்க நானா அப்படி எழுதினீங்க?"

"நீங்க பெரிய கான்னு தானே சொன்ன? நான் 'லொகு கானுவ'ன்னு எழுதின. பெரியங்கிற சொல்லக்கூட விடல்ல!"

"அதப் பெருமையா வேற சொல்றீங்களா?"

"என்னத்துக்கு என்னோட பாயிற? கானுவன்டா ரோட்டோரத்துல வெட்டுறதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? என்ட சிங்களத்த விட ஒங்கட சிங்களம் நல்லம் தானே."

ரொபர்ட் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில கடையச் சாத்திட்டு வாங்க, நானா. நேர்லயே போறோம்" என்றார்.

காணிப் பிரிவில் இருந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கோப்பைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "கம்பனி பிளான்ல கானுவன்னு இருக்கு. ஒங்க பெட்டிசன்லயும் கானுவன்னு இருக்கு. நான் எத வச்சு தொலன்னு எழுதுறது?"

"மிஸ், நான் கான் வெட்டுறவன்" என்றார் ரொபர்ட், அவரும் சிங்களத்திலேயே. "எங்க பிரிவுல ஒவ்வொரு கானையும் வெட்டினது யாருன்னு பேர் சொல்லுவேன். இத வெட்டின ஆள அந்தக் கம்பனி காட்டட்டும். காட்டிட்டா பெட்டிசனக் கிழிச்சுப் போடுறேன்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "சேர்ந்தாப்ல ரெண்டு கிழமை மழையில்லாம இருந்தா சொல்லி அனுப்புங்க. வந்து பாக்குறேன். கானுவன்னா காஞ்சிருக்கும்."

அன்றிலிருந்து ரொபர்ட் நாட்காட்டியில் மழையில்லாத நாட்களுக்குப் புள்ளி வைத்தார். பதினோராம் நாள் மாலை முற்றம் நனையும் அளவுக்குத் தூறியது. "இது ஒரு மழையாங்க? பேசாம புள்ளிய வைங்க" என்றாள் மனைவி மரியாயி. அவர் மறுநாளிலிருந்து மீண்டும் ஒன்றென்று தொடங்கினார். இதற்கிடையில் சீமெந்துக் குழாய்கள் லொறியில் வந்து ஓடைக்கரையில் இறங்கின. மரியாயி வாசற்படியில் நின்று அவற்றை எண்ணினாள். பத்தொன்பது.

மாசி இறுதியில் புள்ளிகள் பதினான்காயின. அதிகாரி வந்தார். கம்பனியின் பொறியியலாளரும் பளபளக்கும் சப்பாத்துடன் வந்து சேர்ந்தார். ரொபர்ட் முதலில் ஓர் உண்மையான கானுக்கு அவர்களை அழைத்துச் சென்றார். அது சருகு நிறைந்து வறண்டு கிடந்தது. அளவுக்கம்பை வைத்தார், ஒன்றரை அடி. பின்பு ஓடைக்கு வந்தார். முழங்காலளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து நீட்டிய கம்பு நடுப்பாறையைக்கூடத் தொடவில்லை.

"பழைய கானுவ. வருஷக்கணக்கா அரிச்சு அகலமாயிருச்சு" என்றார் பொறியியலாளர்.

"சரி சார். கானுக்கு ஒரு தலை இருக்கணும். வெட்ட ஆரம்பிச்ச எடம். வாங்க, போய்ப் பாத்துருவோம்."

இரண்டாம் வளைவில் பொறியியலாளர் காலில் ஏறிய அட்டையை உதறியபடி நின்றுவிட்டார். அதிகாரி சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். ஸம்சுதீன் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தார். ஒரு மணி நேர ஏற்றத்தின் முடிவில், வீடளவு பெரிய பாறையொன்றின் அடியிலிருந்து நீர் புறப்பட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண்வெட்டி பட்ட தடயமில்லை. கீழ்க்கரையில் குவித்த மண்ணும் இல்லை.

அதிகாரி குனிந்து நீரில் கை வைத்தார். "இதுக்கு மேல?"

"மேல கல்லுதான், மிஸ். கல்லுக்குள்ள எவன் கான் வெட்டுவான்?"

"வெட்டின ஆள் நான்தான், மிஸ்" என்றார் ஸம்சுதீன் நெற்றியைத் துடைத்தபடி. "பேனையால வெட்டின."

அதிகாரி சிரித்துவிட்டார். பின்பு பாறைமீது அமர்ந்து கோப்பை விரித்து எழுதினார். ரொபர்ட் அந்த வரியை ஸம்சுதீனைக் கொண்டு இரண்டு முறை வாசிக்கச் செய்தார். இரண்டு முறையும் அது தொல என்றே இருந்தது.

பங்குனியில் கட்டளை வந்தது. குழாய்கள் வந்த வழியே லொறியில் திரும்பின. இரு கரைகளிலும் குறிப்பிட்ட அகலம்வரை எதுவும் கட்டலாகாது. எல்லையில் கம்பனியே வெள்ளைக் கட்டைகள் நட வேண்டும். நட்டார்கள். லயத்தார் வந்து பார்த்து மகிழ்ந்தனர். ரொபர்ட் மட்டும் மறுநாள் விடியற்காலையில் அளவுக்கம்போடு போனார்.

ஏழு கட்டைகள் சரியாக இருந்தன. லயத்தை நோக்கி ஓடை வளையும் இடத்திலிருந்த எட்டாவது கட்டை நான்கடி உள்ளே தள்ளி, நீரை நெருங்கி நின்றது. மீண்டும் அளந்தார். நான்கடியேதான்.

"விடுங்களேன், நாலடிதானே. பெரிய கான் தப்பிச்சுதே, அது போதாதா?" என்றாள் மரியாயி, தேநீரை நீட்டியபடி.

"அது கான் இல்லன்னு ஒனக்கு எத்தனை வாட்டி சொல்றது? இன்னிக்கு நாலடி விட்டா, வைகாசி வெள்ளத்த வாசல்ல நின்னு அளக்கணும்."

கட்டையை அவர் தொடவில்லை. தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, முதல் பஸ்ஸில் கித்துல்கலைக்குப் போனார். ஸம்சுதீன் அப்போதுதான் கடைப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, பேனைய எடுங்க."

"இன்னொன்டா? என்ட அல்லாவே!"

"இந்த வாட்டி ஒங்களுக்கு மொழிபெயர்க்கிற வேல இல்ல. நான் சிங்களத்துலயே சொல்றேன்" என்றார் ரொபர்ட், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எழுதுங்க. மொத சொல்லு, தொல."