1258ஐ வாசிக்கும் பெண்

துணி அலுமாரிக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு, கைப்பேசியை வாயருகே பிடித்தபடி சுபைதா வாசிக்கிறார். தொங்கும் அபாயாக்கள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். கனடாவில் ஒருவர் இணையத்தில் நடத்தும் வரலாற்று அலைவரிசைக்கு இவர்தான் குரல். ஒவ்வொரு முறையும் ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் உலகெங்கும் நடந்தவை. இந்த முறை 1258.

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய தெருவில், என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். பதிந்ததை எனக்குப் போட்டுக் காட்டுவார். லொம்பொக் தீவில் முந்திய ஆண்டு வெடித்த எரிமலையின் புகை வெயிலை மறைக்கிறது. பயிர் விளையாமல் லண்டனில் ஆயிரக்கணக்கானோர் பட்டினியில் சாகிறார்கள். வியட்நாமுக்குள் புகுந்த மொங்கோலியர் தலைநகரைச் சூறையாடிவிட்டுப் பின்வாங்குகிறார்கள். இத்தனையையும் வானிலை அறிக்கை வாசிப்பவரின் நிதானத்தோடு சொல்லிக்கொண்டு போவார்.

அலுமாரிக்கு வெளியே அந்த நிதானம் இல்லை. கதவுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். தெரு நாய்கள் ஒன்றாகக் குரைத்தால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பார். வாசலில் தெரியாத வாகனம் நின்றால் அது போகும்வரை பேச்சு வராது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா, அக்கா. நெஞ்சு படபடக்கும், வேற ஒண்டுமில்ல" என்றார்.

பக்தாத் பகுதியை மட்டும் அவரால் வாசித்து முடிக்க முடியவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மொங்கோலியர் அந்நகரை முற்றுகையிட்டார்கள். ஆயுதத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தால் உயிர் தப்பலாம் என்று நம்பி வந்தவர்களைக் கொன்றார்கள். அந்த வரியில் சுபைதாவின் குரல் உடையும். அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். அந்தப் பகுதி இன்னும் கனடாவுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். கடற்கரைக் கோபுரத்தில் அபாயச் சங்கு ஊதியது. சுனாமி ஒத்திகை என்று முதல்நாளே அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்பு சுபைதாவின் காதில் விழவில்லை. பின்னாலேயே ஓட்டோவில் ஒலிபெருக்கி வந்தது. எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வாருங்கள், பயப்படத் தேவையில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

படகு எஞ்சின் திருத்துகிற அவர் கணவர் நஸ்ரி, மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அலுமாரிக் கதவு அசையவில்லை. சுபைதா உள்ளிருந்து அதைப் பற்றிப் பிடித்திருந்தார். இது ஒத்திகைதான் என்று நஸ்ரி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். நானும் சொன்னேன்.

அலுமாரிக்குள்ளிருந்து சுபைதாவின் குரல் வந்தது.

"வெளியில வாங்க, ஒண்டும் செய்யமாட்டம் எண்டுதான் அங்கயும் சொன்னாங்க, அக்கா."

எந்த ஊரைச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து அவரே சொன்னார். 2006இல் சண்டைக்குப் பயந்து, அவர் பிறந்த மூதூர் ஊரே நடந்து வெளியேறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வழியில் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள்.

"ஆம்புளையள் எல்லாம் ஒரு பக்கம் நில்லுங்க எண்டாங்க. வாப்பா என்ட கைய விட்டுப்போட்டுப் போய் நிண்டார். அவ்வளவுதான். பிறகு அவர நாங்க காணல்ல."

நஸ்ரிக்கும் இது புதிது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் அலுமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தார். "நீ வராட்டி நானும் இஞ்சதான் இருப்பன். உண்மையாத் தண்ணி வந்தாலும் சரி" என்றார்.

வெளியே ஒலிபெருக்கி தூரமாகிப்போனது. கதவு மெல்லத் திறந்தது. வியர்வையில் நனைந்த முகத்தோடு சுபைதா இறங்கினார். நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் தெருச் சனம் முழுக்கக் கூடியிருந்தது. கழுத்தில் விசில் தொங்கிய இளம் அதிகாரி ஒருவர், ஆட்களை எண்ண வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார்: ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். சனம் சிரித்துக் கதைத்தபடி பிரிந்தது. நஸ்ரியும் பழக்கத்தில் ஓரடி எடுத்து வைத்தார்.

சுபைதா நஸ்ரியின் சேட்டு நுனியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி, ஆண்களின் வரிசையில் போய் நின்றார்.